பிள்ளையைத் திருப்புவதா?

தலைப்பிள்ளையின் பேறு தாய்வீட்டில் நிகழ வேண்டும் என்பது நம்மவர் வழக்கம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பிட்டுப் பெண்ணை அழைத்துச் சென்றுவிடுவார்கள். பேறு முடிந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையுமாகத் திரும்பி வரும்வரை கணவனுக்குத் தொலைபேசியே துணை. ஊரைவிட்டு ஈராயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியின் அரசுக் குடியிருப்புகளில் வாழும் நம்மில் பலருக்கு இன்றும் அவ்வழக்கம் வாய்க்கிறது, சிலருக்கு வாய்ப்பதில்லை. எங்களுக்கு வாய்க்கவில்லை. 2011ஆம் ஆண்டுக் கோடையில் மாமனாருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு நோயாளியைப் பேணும் வீட்டில் இன்னொரு படுக்கையும் போட வேண்டாம் என்று கருதி, பேற்றை இங்கேயே வைத்துக்கொள்வது என்றும், கடைசி மாதத்தில் மாமியார் மட்டும் வந்து சேர்வது என்றும் ஏற்பாடாயிற்று.

எங்களுள் ஒருவர் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் எழுத்தர்; கலைப் பட்டம் பெற்று, தேர்வு எழுதி, பணியாணையைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே வந்தவர். மற்றவர் பாபநாசத்தை அடுத்த சிற்றூரிலிருந்து மணமுடித்து வந்தவர். பிள்ளையைச் சுமந்தவர் அவர். இதை எழுதுபவர் எழுத்தரே ஆயினும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். எழுதியதை அவ்வப்போது வாங்கிப் படித்து, சில வரிகளை அடித்தும் சிலவற்றைச் சேர்த்தும் கொடுத்தவர் துணைவியார். எனினும் ‘நாங்கள்’ என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அந்த ஆண்டின் கார்த்திகை மாதத்தில் தெரிந்துகொண்டோம். கவலை இருவருடையது, வயிறு ஒருவருடையது.

முப்பத்தாறாம் வாரத்துச் சோதனைக்காக, சுகாதாரத் திட்டத்தின்கீழ் வரும் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். ஸ்கேன் அறையின் வாசலில், பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, ‘எல்லாம் சரியாக இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டோம். மருத்துவர் பஞ்சாபைச் சேர்ந்த நடுத்தர வயதுப் பெண்மணி. திரையைப் பார்த்தவாறே, “பச்சா உல்டா ஹை” என்றார்.

தில்லியில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்கு ‘உல்டா’ என்ற சொல் நன்கு பழக்கமானது. சட்டையை உட்புறம் வெளியாக மாட்டினால் உல்டா. முகவரி தவறி எதிர்த்திசையில் சென்றால் உல்டா. கோப்பில் தாள்களை மாற்றிக் கட்டினால் அதுவும் உல்டா. அதே சொல்லைப் பிள்ளையைப் பற்றிக் கேட்டபோது, பிள்ளையே ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல ஓர் அதிர்ச்சி. வீட்டுக்கு வந்து தொலைபேசியில் சொன்னபோது மாமியார் அதைத் தமிழில் சொன்னார்: “கால்மாடா இருக்கா?” தலைமாடு, கால்மாடு என்பவை நம் ஊரில் பாயை விரிக்கும்போது சொல்லும் சொற்கள். கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிள்ளை தவறு செய்யவில்லை; படுக்கும் திசையை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது.

இருபத்தெட்டாம் வார அளவில் நான்கு அல்லது ஐந்து பிள்ளைகளுக்கு ஒன்று இப்படித்தான் தலை மேலாக இருக்கும் என்றும், நாள் செல்லச் செல்லப் பெரும்பாலானவை தாமே புரண்டுவிடும் என்றும், பேறுகாலம் நெருங்கும்போது 100க்கு 3 அல்லது 4 பிள்ளைகளே அவ்வாறு எஞ்சும் என்றும் மருத்துவர் விளக்கினார். கருப்பை பேரிக்காயைப் போல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பது. மடங்கிய கால்களும் பிட்டமும் சேர்ந்தால் தலையைவிட இடம் மிகுதியாக வேண்டும். எனவே அவை அகன்ற மேற்பகுதியை நாடுகின்றன, தலை கீழே வருகிறது. சிலரிடம் நஞ்சுக்கொடி தாழ்ந்திருப்பதாலோ, கட்டி இருப்பதாலோ, பனிநீர் கூடுவதாலோ குறைவதாலோ இது நடவாமற் போகும். பலரிடம் காரணம் ஏதும் தென்படுவதில்லை. எங்கள் பிள்ளை அந்தப் பலருள் ஒன்று. இரு கால்களையும் நேராக மேலே நீட்டி, பாதங்களைக் காதோரம் வைத்துக்கொண்டு, பிட்டத்தைக் கீழே பதித்து உட்கார்ந்திருந்தது. பேறுகாலத்தில் கால்மாடாக எஞ்சும் பிள்ளைகளுள் மிகுதியானவை இந்த நிலையில்தான் இருக்கும் என்றார்.

இதில் அஞ்சத்தக்கது யாது? தலைதான் பிள்ளையின் உடலில் பெரிய பகுதி. தலை முந்தி வந்தால், பல மணி நேரம் வலியோடு மெல்ல இறங்கி, எலும்புகள் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வழிக்கேற்றவாறு தன்னைக் குறுக்கிக்கொள்கிறது. தலை பிந்தி வந்தால் அதற்கு நேரம் இல்லை. உடல் வெளியே வந்துவிட்ட நிலையில் தொப்புள்கொடி தலைக்கும் எலும்புக்கும் இடையே நசுங்கும். சில நிமிடங்களுக்குள் தலையும் வந்தாக வேண்டும். அதனாலேயே அந்தப் பேற்றுக்குக் கைதேர்ந்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அத்தகையோர் இன்று அருகிவிட்டனர் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 26 நாடுகளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்றின் முடிவு 2000ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. முன்கூட்டியே அறுவையைத் திட்டமிட்டவர்களின் பிள்ளைகளில் 100க்கு 1.6 அளவிலும், இயல்பான பேற்றைத் திட்டமிட்டவர்களின் பிள்ளைகளில் 100க்கு 5 அளவிலும் உயிரிழப்போ கடும் பாதிப்போ நேர்ந்ததாக அது கூறியது. உலகெங்கும் மருத்துவமனைகள் அறுவைக்கு மாறின. இரண்டு வயது வரை அப்பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2004இல் தெரிந்தது. 2006இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள மகப்பேறு மருத்துவர் அமைப்புகள், தேர்ந்தெடுத்த சிலருக்கு, கைதேர்ந்தவர் இருக்குமிடத்தில் இயல்பான பேறும் ஆகலாம் என்று இளகின. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை இளம் மருத்துவர்கள் அந்தக் கைவேலையைப் பாராமலே பயிற்சி முடித்திருந்தார்கள். எங்கள் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார்: “தலைப்பிள்ளை, இந்த மருத்துவமனையில் அந்த முறையை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.”

ஆக மூன்று வழிகள் இருந்தன. பிள்ளை தானே புரளுமா என்று காத்திருப்பது. தலைப்பிள்ளையாயின் முப்பத்தாறாம் வாரத்துக்குப் பிறகு அவ்வாறு புரள்வது 100க்கு ஏறத்தாழ 8தான். நாள் குறித்து சிசேரியன் செய்துகொள்வது. அல்லது வயிற்றின் மேலேயே கைகளை வைத்து அழுத்திப் பிள்ளையைத் தலைகீழாக்குவது. தலை மேலாக இருக்கும் பிள்ளையைத் தலைகீழாக்கினால்தான் நேராகும் என்பதை நாங்கள் உள்வாங்கிக்கொள்ளவே அரை நாள் ஆயிற்று.

இப்படித் திருப்புவது புதிய கண்டுபிடிப்பு அன்று. மிகப் பழங்காலத்திலிருந்தே மருத்துவச்சியர் செய்துவந்த வேலைதான். இடையில், 1970களில், மயக்கம் கொடுத்து வலிந்து திருப்பியதால் நேர்ந்த தீங்குகளைக் கண்டு பல இடங்களில் கைவிட்டார்கள். கருப்பையைத் தளர்த்தும் மருந்தும், பிள்ளையைக் கண்முன் காட்டும் ஸ்கேனும், இதயத் துடிப்பைத் தாளில் வரையும் கருவியும் வந்தபின் 1980களில் மீண்டும் மேற்கொண்டார்கள். தலைப்பிள்ளையாயின் 100க்கு 40 பேரிடத்தும், முன்னரே பெற்றவர்களாயின் 60 பேரிடத்தும் பிள்ளை திரும்புகிறது. திரும்பிய பிள்ளை மறுபடியும் பழைய நிலைக்குப் போவது 100க்கு 5க்கும் குறைவு. திருப்பும்போதோ திருப்பியவுடனேயோ துடிப்புக் குலைந்தோ, உதிரப்போக்குக் கண்டோ உடனடி அறுவைக்குக் கொண்டுசெல்ல நேர்வது 200க்கு ஒன்று என்னும் அளவில் இருக்கும்.

இருநூறில் ஒன்று என்பது சிறிய எண்ணா, பெரிய எண்ணா? எழுத்தர் மாலையில் பால் வாங்கப் போனபோது எங்கள் குடியிருப்பின் வீடுகளைக் கண்ணால் எண்ணிப் பார்த்தார். வரிசைக்கு இத்தனை, மாடிக்கு இத்தனை என்று கணக்கிட்டால் ஏறக்குறைய இருநூறு வரும். அத்தனை சன்னல்களிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவற்றுள் ஒரு வீடு. அப்படி நினைத்தபோது அந்த எண் சிறியதாகவும் தோன்றவில்லை, பெரியதாகவும் தோன்றவில்லை. ஒரு வீடாகத் தோன்றியது.

அன்றிரவு எழுத்தர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இச்சிக்கலை அணுகினார். அலுவலகத்தில் பச்சை நிறக் குறிப்புத் தாளில் எழுதுவதைப் போல, பொருள், பின்னணி, மூன்று வழிகள், ஒவ்வொன்றின் நன்மை தீமை எனப் பத்தி எண் இட்டு இரண்டு பக்கம் எழுதி, இறுதியில் ‘ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று முடித்து, சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அதன் ஓரத்தில் துணைவியார் பென்சிலால் ஒரே சொல் எழுதியிருந்தார்: ‘பேசவும்’. இணைச் செயலாளர்கள் கோப்பைத் திருப்பி அனுப்பும்போது எழுதும் அதே சொல். பத்தாண்டுக் காலம் அலுவலகக் கதைகளைக் கேட்டு அவரும் அந்த நடைமுறையைக் கற்றிருந்தார்.

பேசினோம். ‘அறுத்து எடுத்துவிட்டால் போயிற்று, இதற்கு ஏன் இத்தனை யோசனை?’ என்று உறவினர் பலர் கேட்டார்கள். அறுவையை இழிவாக நினைப்பவர்கள் அல்லோம். மாமனார் உயிரோடு இருப்பதே ஓர் அறுவையால். ஆனால் எங்களுக்கு இரண்டாவது பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. கருப்பையில் ஒரு தழும்பு விழுந்தால் அடுத்த பேற்றின்போது அதை எண்ணியே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டியிருக்கும். தவிரவும் மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடி; எழுத்தருக்குக் கிடைப்பது பதினைந்து நாள் தந்தைமை விடுப்பு; மாமியாரோ மாமனாரை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் தங்க இயலாதவர். தையல் போட்ட வயிற்றோடு, கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, தில்லிக் குளிரில் பகல் முழுதும் தனியாக இருக்கப்போகிறவர் யார் என்ற கேள்வி குறிப்புத் தாளில் இடம் பெற்றிருக்கவில்லை. துணைவியார்தான் அதை எடுத்துச் சொன்னார்.

மறுநாள் மாமியாரிடம் தொலைபேசியில் சொன்னோம். திருப்பலாம் என்கிறார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே மறுமுனையில் குரல் மாறிவிட்டது.

“வயித்துமேல கைய வச்சு அழுத்துறதா? வேண்டாம் கண்ணு. உங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு.”

“பெரியம்மாவுக்கா? அவங்களுக்குப் பிள்ளையே கிடையாதேம்மா!”

“இருந்துச்சு. ஒண்ணு இருந்துச்சு.”

துணைவியாரின் பெரியம்மாவை நாங்கள் இருவரும் அறிவோம். எங்கள் திருமணத்தில் ஆரத்தி எடுத்தவர். தங்கை பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக வளர்த்தவர். அவருக்கு 1969இல் ஓர் ஆண் பிள்ளை கால்மாடாக வந்ததையும், ஓர் இரவும் ஒரு பகலும் வலி கண்டதையும், பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்து மருத்துவச்சி வயிற்றை அழுத்தித் திருப்ப முயன்றதையும், உடல் வந்து தலை நின்றுபோனதையும், வண்டி கட்டிக்கொண்டு கும்பகோணம் புறப்பட்டதையும், பாதி வழியில் வண்டியைத் திருப்பியதையும் மாமியார் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் எவரும் பேசாத செய்தி அது. “மருத்துவச்சியக் குத்தம் சொல்லல. ஊர்ல பாதிப் பேர எடுத்தவ அவதான். அவளும் அழுதா” என்றார்.

சிறிது நேரம் இருபுறமும் பேச்சில்லை. பிறகு துணைவியார் கேட்டார்: “பெரியம்மாகிட்ட யாராச்சும் கேட்டாங்களாம்மா? இப்படிச் செய்யப்போறோம், சம்மதமான்னு?”

“யாரு கேப்பா? அவ வலியில கெடக்கா.”

இந்தச் செய்தியை அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னோம். அவசரமாகத் தலையசைத்துத் தள்ளிவிடாமல் முழுவதும் கேட்டார். பனிநீர் வற்றி, வலி முற்றி, கருப்பை இறுகிய பின் அழுத்துவது வேறு. வலி தொடங்குமுன், பிள்ளை நீரில் மிதக்கும்போது, மருந்தால் கருப்பையைத் தளர்த்தி, துடிப்பைப் பார்த்துக்கொண்டே அழுத்துவது வேறு என்றார். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது கைகள் அல்ல, பிந்தி வந்த தலை என்பதே அவர் கருத்து. பெரியம்மாவின் கதை திருப்ப வேண்டாம் என்பதற்கும் சான்றாகிறது, திருப்ப வேண்டும் என்பதற்கும் சான்றாகிறது என்பதை அப்போது உணர்ந்தோம். மாமியார் அஞ்சியது கையைக் கண்டு. மருத்துவர் அஞ்சியது கை எதைத் தடுக்க முயன்றதோ அதைக் கண்டு.

துணைவியார் தாம் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டார். வலிக்குமா? சிலருக்கு நன்றாகவே வலிக்கும் என்று விடை. எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? பல ஆண்டுகளாகச் செய்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது வருவர். அறுவை அரங்கு எவ்வளவு தூரம்? அடுத்த கதவு. இரத்தப் பிரிவைப் பற்றியும் கேட்டோம். தாயின் இரத்தம் ஆர்எச் எதிர்மறையாயின் திருப்பிய பின் ஓர் ஊசி கட்டாயம் என்றும், எங்களுக்கு அது தேவையில்லை என்றும் தெரிந்தது. கடைசிக் கேள்வியை அவர் இந்தியில் கேட்கத் தடுமாறி, எழுத்தர் மொழிபெயர்க்க முனைந்தபோது கையமர்த்திவிட்டுத் தாமே ஆங்கிலமும் இந்தியும் கலந்து கேட்டார்: பாதியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? “கையைத் தூக்குங்கள், அந்த நொடியே எடுத்துவிடுவேன்” என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆர்.கே. புரத்து மலை மந்திரில் சிறிது நேரம் அமர்ந்தோம். படிக்கட்டு ஏறவேண்டாம் என்று கீழேயே இருந்தோம். “செய்து பார்ப்போம். ஆனால் நிறுத்துவது எப்போது என்று நான்தான் சொல்வேன்” என்றார் துணைவியார். குறிப்புத் தாளில் ஆணை பிறந்த இடம் அதுதான்.

முப்பத்தேழாம் வாரத்துக்கு நாள் குறித்தார்கள். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் தாம் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று மாமியார் தட்கலில் சீட்டு வாங்கித் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார். இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடவேண்டிய வண்டி, ஆக்ராவுக்கு இப்பால் மூடுபனியில் நின்று நின்று வந்தது. மகளின் பேற்றுக்குப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாயைக் காவிரி வெள்ளம் மறித்ததும், சிராப்பள்ளி ஈசனே தாயுருவில் வந்து இரத்தினாவதிக்குப் பேறு பார்த்ததும் தாயுமானவர் கோயிலின் கதை. எங்களுக்கு அப்படி எவரும் வரவில்லை. மாமியாரே ஏழு மணி நேரம் தாமதமாக, திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் வைத்த விளக்கெண்ணெய்ப் புட்டியை மடியில் அணைத்தவாறு வந்து இறங்கினார். திருக்கருகாவூர் அவர் ஊருக்கு அடுத்தது. கருக்காத்த நாயகி வீற்றிருக்கும் தலம். இரவே அந்த எண்ணெயை மகளின் வயிற்றில் தடவிவிட்டார். மறுநாள் மருத்துவர் குனிந்து முகர்ந்து, “அரண்டி கா தேல்?” என்று கேட்டு, “நல்லது, கை வழுக்கும்” என்றார். மாமியாருக்கு அந்த மருத்துவர்மேல் முதன்முதலாக நம்பிக்கை பிறந்தது அந்தக் கணத்தில்தான்.

முதலில் இருபது நிமிடம் பிள்ளையின் துடிப்பைத் தாளில் பதிந்தார்கள். சிறுநீர் கழித்து வரச் சொன்னார்கள். கையில் டெர்பியூட்டலின் ஊசி போட்டார்கள். அது கருப்பையைத் தளர்த்தும், தாயின் நெஞ்சைப் படபடக்கச் செய்யும். துணைவியார், “பேருந்துக்கு ஓடினதுபோல இருக்கு” என்றார். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தினார்கள். மருத்துவர் ஒரு கையால் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மெல்ல மேலே தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளி, மறு கையால் தலையை எதிர்ப்பக்கமாகக் கீழே நெட்டி, பிள்ளையைக் குட்டிக்கரணம் போடவைக்க முயன்றார். மாவு பிசைவதைப் போல என்று எழுதத் தோன்றுகிறது. துணைவியார் இவ்வரியைப் பார்த்து, ‘பிசைந்தது உங்களை அல்லவே’ என்று சொல்லிவிட்டுப் போனார். வலி இருந்தது. எழுத்தரின் கைவிரல்களில் அவருடைய நகத் தடம் மூன்று நாள் இருந்தது.

முதல் முறை பிள்ளை கால்பங்கு நகர்ந்து, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. துடிப்பைப் பார்த்தார்கள், சீராக இருந்தது. இரண்டாம் முறை எதிர்த்திசையில் முயன்றார்கள். பாதி வயிறு வரை குறுக்கே வந்தது. வயிற்றின் வடிவம் மாறி, ஒரு பக்கம் மேடாக எழுந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். சில நொடிகள் அப்படியே நின்றுவிட்டு, நீரில் அமுக்கிய பந்து எழுவதைப் போலத் தலை மீண்டும் மேலே போய்விட்டது. மருத்துவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் ஒரு முறை வேண்டுமானால் பார்க்கலாம். விருப்பம் உங்களுடையது” என்றார். துணைவியார் கண்களை மூடிச் சற்றுநேரம் படுத்திருந்தார். பின்பு தலையை அசைத்து, “போதும்” என்றார். அந்தச் சொல்லைத் தமிழில்தான் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மருத்துவர் கைகளை எடுத்துக்கொண்டார். மேலும் அரைமணி நேரம் துடிப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே காத்திருந்த மாமியாரிடம், “திரும்பலம்மா” என்றார் மகள். “உட்கார்ந்திருக்கிற பிள்ளைய எழுப்பினா எழுந்திருக்குமா?” என்றார் அவர். அதன்பின் எழுத்தரைத் தனியே அழைத்து, “கேட்டுக் கேட்டுத்தான் செஞ்சாங்களா மாப்பிள்ளை?” என்று வினவினார். ஆம் என்றோம். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டு, மறுபடியும் ஆம் என்று கேட்டுக்கொண்டார்.

இனி அறுவைதான் என்று ஆனதும் உறவினரிடையே புதிய எழுச்சி பிறந்தது. நாம் குறிக்கும் நாளில் பிள்ளை பிறக்கும் என்றால் நல்ல நாளாகக் குறிக்க வேண்டாமா? மாமா ஒருவர் சோதிடரைப் பார்த்து மூன்று நாள்களை அனுப்பினார். இன்னொருவர் மார்கழி பிறப்பதற்குள் முடிக்கச் சொன்னார். வேறொருவர் எந்த விண்மீனில் பெண் பிறக்கலாகாது, எதில் ஆண் பிறக்கலாகாது என்று பட்டியலே தந்தார். எது பிறக்கும் என்பது தெரியாத நிலையில் அப்பட்டியலின்படி நடந்தால் பிள்ளை எந்நாளும் பிறக்க இயலாது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் மூவுலகும் ஆள்வான் என்று சோதிடர் கூறக் கேட்டு, கமலவதி தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொல்லிக் காத்திருந்து கோச்செங்கட்சோழனைப் பெற்ற கதை பெரிய புராணத்தில் வருகிறது. காத்திருந்ததால் பிள்ளையின் கண் சிவந்தது, தாய் பிழைக்கவில்லை. மாமாவுக்கு இதை நினைவூட்டினோம். அவர், “மூவுலகும் ஆண்டானா இல்லையா?” என்று திருப்பிக் கேட்டார். மருத்துவரோ, முப்பத்தொன்பதாம் வாரத்துக்கு முன் எடுத்தால் மூச்சுத் தொல்லை வரக்கூடும் என்றும், தமக்கு அரங்கு கிடைப்பது செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே என்றும் கூறிவிட்டார். ஆகவே மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை பெண் பிள்ளை பிறந்தாள். இராகு காலத்தை மட்டும் மாமியார் பார்த்துக்கொண்டார். அதுவும் மருத்துவர் தேநீர் அருந்தப் போனதால் கடந்தது.

பிறந்த பிள்ளை தொட்டிலிலும் கால்களைக் காதருகே தூக்கி வைத்துக்கொண்டே கிடந்தாள். துணியைச் சுற்றி நீட்டிவிட்டால், அவிழ்த்த மறுகணம் பாதங்கள் மேலே போய்விடும். சில நாளில் தானே தழைந்துவிட்டன. கால்மாடாக இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாதிருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், ஆறு வாரத்தில் இடுப்பை ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். எந்த வழியாகப் பிறந்தாலும் இதைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தோம், குறையேதும் இல்லை.

கீழ்வீட்டு அரியானா அம்மையாருக்குப் பல ஆண்டுகளாக இடுப்பு வலி. பிள்ளையின் செய்தியைக் கேட்டதும், “இவள் பாயல் அல்லவா!” என்று மகிழ்ந்தார். காலணியை அல்ல, காற்கொலுசையும் அல்ல. கால் முந்திப் பிறந்தவரை அவர்கள் பக்கத்தில் ‘பாயல்’ என்பார்களாம். அத்தகையவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. நம் ஊரிலும் இதே நம்பிக்கை உண்டு என்று மாமியார் சைகையிலேயே அவருக்கு உணர்த்தினார். ஆனால் வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளைக்கு அந்த ஆற்றல் உண்டா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. முதலில் வந்தது பிட்டம்தான், கால் அன்று என்று துணைவியார் மருத்துவக் குறிப்பையே காட்டினார். அம்மையார் எதையும் ஏற்கவில்லை. பதினோராம் மாதத்தில் பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கியதும் கம்பளத்தின்மேல் குப்புறப் படுத்துவிட்டார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, அவள் அவர் முதுகில் இரண்டு அடி வைத்து, மூன்றாவது அடியில் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். வலி பாதி குறைந்துவிட்டது என்று கூறி, அடுத்த வாரமும் அழைத்து வரச் சொன்னார்.